எசமானியம்மா பெயரில் ஒரு பல்கலைக்கழகம்

கல்லூரி மரபு, கல்லூரிப் பாசம் என்று யாராவது நெஞ்சு விம்மப் பேசினால் எனக்கு ஒரு கேள்விதான் வரும். அந்த மரபு உருவானபோது உள்ளே இருந்தவர்கள் யார்? வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக வரலாற்றையும் இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். 1873-ல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மக்கள் கதை நமக்கு அந்நியமில்லை.

1848-ல் திறக்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அதற்குச் செல்லப் பெயர் 'ஓல் மிஸ்'. மிசிசிப்பியைச் சுருக்கிக் கூப்பிடுறாங்க போல என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். அது இல்லை விஷயம். 1897-ல் மாணவர்கள் தங்கள் ஆண்டு மலருக்குப் பெயர் தேடியபோது ஒரு பெண் சொன்னது அது. பண்ணை அடிமைகள் பண்ணைக்காரரின் மனைவியை அழைத்த சொல். நம்ம பக்கம் கைகட்டி நின்று 'ஆண்டையம்மா' என்றார்களே, அந்த மாதிரி. அடிமைகள் பயந்து சொன்ன சொல் ஆண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சும் சொல்லாகிவிட்டது.

1936-ல் விளையாட்டு அணிக்கு 'ரிபெல்ஸ்' என்று பேர் வைத்தார்கள். கலகக்காரர்கள். கலகம் நமக்குப் பிடித்த வார்த்தைதான். ஆனால் இது அடிமைமுறையைக் காப்பாற்ற 1861-ல் நாட்டை உடைத்துக்கொண்டு போன தென்மாநிலங்களின் கலகம். அவர்களுடைய போர்க்கொடிதான் 1948 முதல் கால்பந்து மைதானத்தில் பறந்தது. அவர்களுடைய 'டிக்ஸி' பாட்டைத்தான் வாத்தியக்குழு வாசித்தது.

இதெல்லாம் வெறும் விளையாட்டு உற்சாகம்தானே என்பவர்கள் 1962-ஐப் பார்க்கணும். செப்டம்பர் 29. ஜாக்சன் நகர மைதானத்தில் சுமார் 40 ஆயிரம் பேர். ஆட்டத்தின் இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் எழுந்து, மிசிசிப்பியையும் அதன் வழக்கங்களையும் நேசிப்பதாகப் பேசினார். கொடிகள் அலை அலையாக ஆடின. ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பு மாணவர் சேர வருகிறார் என்பதற்குத்தான் இவ்வளவும். மறுநாள் இரவு வளாகத்தில் கலவரம் வெடித்தது. இரண்டு பேர் செத்தார்கள். ராணுவம் வந்துதான் அக்டோபர் 1-ல் மெரிடித் பெயரைப் பதிந்தார். அந்த ஆண்டு அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதுவும் இன்று ஒரு பொன்னான நினைவு.

20 ஆண்டு கழித்து, 1982-ல், ஜான் ஹாக்கின்ஸ் உற்சாகக் குழுவுக்கு வந்த முதல் கறுப்பு மாணவர் ஆனார். குழு அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அதுதான் மரபு. தூக்க மாட்டேன் என்றார். கோஷம் போடுவேன், குட்டிக்கரணம் அடிப்பேன், இந்தத் துணியைத் தொடமாட்டேன் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். அவ்வளவுதான் செய்தார். 1983-ல் பல்கலைக்கழகம் அந்தக் கொடியைக் கைகழுவியது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. 1997-ல் மைதானத்துக்குள் குச்சி கொண்டுவரத் தடை போட்டார்கள். குச்சி இல்லாமல் கொடி ஏது? அந்தக் கொடியைப் பார்த்தால் கறுப்பு ஆட்டக்காரர்கள் அணிக்கு வரமாட்டார்கள் என்று பயிற்சியாளர் புலம்பியதும் ஒரு காரணம். மனசாட்சி செய்யாததை வெற்றி ஆசை செய்தது.

2003-ல் பண்ணைக்காரர் வேடமிட்ட பொம்மை மைதானத்தை விட்டுப் போனது. 2016-ல் 'டிக்ஸி' நின்றது. இடையில், 2014-ல், வளாகத்திலிருக்கும் மெரிடித் சிலையின் கழுத்தில் சுருக்குக் கயிறு மாட்டினார்கள். அதுவும் ஒரு மரபின் தொடர்ச்சிதான்.

'ஓல் மிஸ்' பெயர் மட்டும் போகவில்லை. அர்த்தம் மாறிப்போச்சு, இப்போது அது பாசம்தான் என்கிறார்கள். மாறியிருக்கலாம். ஆனால் மாறிப்போச்சு என்று தீர்ப்பு சொல்கிற உரிமை யாருடையது? அந்தச் சொல்லைக் கூப்பிட வைத்தவர்களின் பேரனுக்கா, கூப்பிட வைக்கப்பட்டவளின் பேத்திக்கா?