ஜாவரிலிருந்து நரம்பு வரை

ராஜஸ்தானின் உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவர் என்ற மலைப்பகுதி இருக்கிறது. துத்தநாகத்தைப் பிரித்தெடுக்க ஐரோப்பா கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அங்கே கத்தரிக்காய் வடிவ மண்மூசைகளில் தாதுவைச் சூடாக்கி, ஆவியாகும் உலோகத்தைக் குளிரவைத்துப் பிடித்தார்கள். பயன்படுத்திக் கழித்த மூசைகள் இன்றும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கின்றன. நம் மூளையில் வேலை செய்யும் துத்தநாகத்தின் பயணத்தை அங்கிருந்தே தொடங்கலாம். வழிநெடுக அதனோடு அமிலத்தன்மையும் வருகிறது. துத்தநாகம் கட்டுண்டு கிடக்குமா, விடுபட்டு நகருமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

கந்தக அமிலத்தில் கரைந்து உப்பாக மாறிய துத்தநாகம், ஜிங்க் சல்பேட் மூட்டையாக மதுராந்தகம் ஏரிப் பாசன வயலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ, மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. சுண்ணாம்பும் களரும் மிகுந்த மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணில் அது எளிதில் கரைந்து வேருக்குப் போகும். கிடைக்காவிட்டால் இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றுவிடும்.

அந்த நெல் அரிசியாகித் தாம்பரம் வருகிறது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் தெருவுக்குத் தெரு இட்லி மாவு கிடைக்கும். அரிசியிலும் உளுந்திலும் உள்ள துத்தநாகத்தை ஃபைடேட் என்ற பொருள் கட்டி வைத்திருப்பதால், குடலால் அதை முழுதாக உறிஞ்ச முடிவதில்லை. இரவெல்லாம் மாவு பொங்கும்போது பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரக்க, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் 6-ஐ ஒட்டிய அளவிலிருந்து 4.5 அளவுக்கு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் ஃபைடேஸ் நொதி சுறுசுறுப்பாகி ஃபைடேட்டை உடைக்கிறது. துத்தநாகத்தில் ஒரு பகுதி விடுபடுகிறது. இந்தச் சிக்கலின் மறுபக்கத்தை ஈரானில் பார்த்தவர் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். புளிக்காத ரொட்டியையே பெரிதும் நம்பி வாழ்ந்த கிராம இளைஞர்கள் வளர்ச்சி குன்றியிருந்ததை 1961-இல் அவர் பதிவுசெய்தார். பின்னர் எகிப்தில் செய்த ஆய்வில், துத்தநாகக் குறைவே காரணம் என்று நிறுவினார்.

சிறுகுடலில் ஏறிய துத்தநாகம், ரத்தத்தில் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு மூளையை அடைகிறது. சில நரம்பணுக்கள் அதைச் சிறு பைகளில் சேமித்து, செய்தி அனுப்பும்போது வெளியே விடுகின்றன. நரம்பணுவில் செய்தியைப் பெறும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். அப்படி வெளிவரும் துத்தநாகம் எட்டும் ஏற்பிகளில் முக்கியமானவை, காபா, கிளைசின் என்ற செய்திப்பொருள்களைப் பெறும் ஏற்பிகள். இவை ஒவ்வொன்றிலும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று, நடுவில் ஏரி மதகு போல ஒரு வழியை அமைக்கின்றன. மதகு திறந்தால் குளோரைடு உள்ளே பாய்ந்து நரம்பணு அடங்கும். எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னின், கிளைசின் ஏற்பியை முடக்கித்தான் உடலை வில்லாக வளைக்கிறது.

கிளைசின் ஏற்பியில் துத்தநாகம் கொஞ்சமாக இருந்தால் மதகு நன்றாகத் திறக்கும், மிகுந்தால் மூடிக்கொள்ளும். ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் அந்த ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி எலிகளை வளர்த்தார்கள். கிளைசினுக்கு ஏற்பி வழக்கம்போலவே செயல்பட்டது. துத்தநாகத்தின் உதவி மட்டும் கிடைக்கவில்லை. அந்த எலிகள் சிறு சத்தத்துக்கும் அளவுமீறித் திடுக்கிட்டன. 2006-இல் வெளியான ஆய்வு இது. காபா ஏற்பியிலோ துத்தநாகம் மதகை மூடவே பார்க்கிறது. காமா என்ற துண்டு சேர்ந்த ஏற்பிகளில் அந்தத் தாக்கம் மிகவும் குறைவு.

துத்தநாகம் பற்றிக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். அமிலத்தன்மை கூடினால் ஹைட்ரஜன் அயனி அதே ஹிஸ்டிடினில் வந்து ஒட்டுகிறது. துத்தநாகத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. கிளைசின் ஏற்பியில் 109-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின், துத்தநாகம் மதகை மூடுவதற்கும் அமிலம் மதகை அடக்குவதற்கும் பொதுவான இடம் என்று 2004-இல் தெரியவந்தது. பக்கவாதத்தில் ரத்தம் நின்ற பகுதியில் அமிலமும் துத்தநாகமும் சேர்ந்தே கூடுகின்றன. அங்கே நரம்புகளின் கட்டுப்பாடு குலைவதைப் புரிந்துகொள்ள இந்த அறிவு மிக அவசியம்.

இதே துத்தநாகம் மருந்தாகவும் நம்மிடம் வருகிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றாலும் முழுவதும் கொடுத்து முடியுங்கள். பெரியவர்கள் தாமாகவே கடையில் 50 மில்லிகிராம் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்தால் உடலில் செம்பு குறையக்கூடும். செம்பு மிகவும் குறைந்தால் தண்டுவடம் கெடக்கூடும். நரம்புக்குத் தேவை துத்தநாகத்தின் சரியான அளவுதான்.