பாவமா, பழக்கமா? தமிழ்ச் சபைகளின் நானூறு வருஷச் சண்டை

சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. நம்ம பழைய தமிழ் பைபிள்ல கடவுளுடைய கட்டளைக்கு ‘கற்பனை’ன்னு ஒரு சொல் வரும். பத்துக் கற்பனைகள். கற்பனைகளைக் கைக்கொள்ளணும்னு டீச்சர் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச கற்பனை, பரீட்சையில எழுதுற ‘நான் ஒரு பறவையானால்’ கட்டுரைதான். கடவுளோட கற்பனையை நாம எப்படிக் கைக்கொள்றதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன்.

ஆனா பாவம்னா என்னன்னு அந்த வயசுலயே தெளிவாத் தெரியும். பொய் சொன்னா பாவம். சினிமா பாவம். சிகரெட் பாவம். ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடப் போனா அதுவும் ஏறக்குறைய பாவம். இப்படி ஒரு பட்டியலோடதான் நாங்க வளர்ந்தோம். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு, வீட்டுல வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. மேட்ரிமோனி ஆப்ல மதம் ‘கிறிஸ்தவம்’னு கொடுத்தேன். அடுத்த கட்டம் உடனே திறந்தது: என்ன சாதி? சினிமாவைப் பாவம்னு சொன்ன அதே பெரியவங்க, அந்தக் கட்டத்தை ஒரு நொடிகூடத் தயங்காம நிரப்பச் சொன்னாங்க.

இந்த எபிசோடுக்கான கேள்வி எனக்கு அங்கதான் கிடைச்சது. சாதி ஏன் அந்தப் பாவப் பட்டியல்ல வரல? யாருமே அதைச் சேர்க்க முயற்சி பண்ணலையா? பண்ணியிருக்காங்க. அதுக்காகச் சபைகளே உடைஞ்சிருக்கு.

மதுரையில இருந்து தொடங்குவோம். 1606-ல் இத்தாலியில் இருந்து வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்து சேர்ந்தார். காவி கட்டினார், சைவ உணவு சாப்பிட்டார், பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற உயர்சாதிக்காரர்கள் பூணூலையும் குடுமியையும் கழற்ற வேண்டியதில்லை என்றார். மற்ற பாதிரியார்களுக்கு இது அதிர்ச்சி. ரோம் வரைக்கும் புகார் போனது. நொபிலி வைத்த வாதம் எளிமையானது: பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள், வழிபாடு இல்லை, சமூகப் பழக்கம் பாவமாகாது. 1623-ல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அதை ஏற்றுக்கொண்டார். அதே ஆவணத்தில், உயர்குலத்தார் எளியவர்களை இகழக் கூடாது, அதுவும் கோயிலுக்குள் கூடவே கூடாது என்ற வேண்டுகோளும் இருந்தது. பூணூலுக்குக் கிடைச்சது அனுமதி. எளியவர்களுக்குக் கிடைச்சது வேண்டுகோள். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நொபிலி மேல எனக்கு மரியாதை உண்டு. தமிழை அவ்வளவு ஆழமாகக் கற்ற ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. ஆனால் அவர் திறந்த ‘இது சமூகப் பழக்கம்’ என்ற கதவு வழியாகப் பூணூல் மட்டும் உள்ளே வரவில்லை. தீண்டாமையும் வந்தது. 1744-ல், நூறு வருஷத்துக்கு மேலாக இழுத்த ‘மலபார் சடங்குகள்’ சர்ச்சையை ரோம் ஒருவழியாக முடித்து வைத்தபோது, பறையர் சமூகத்துக்கு என்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரே விசுவாசம், ஒரே நற்கருணை, ஆனா குரு மட்டும் வேற வேற!

கத்தோலிக்கர் கதை இருக்கட்டும், புராட்டஸ்டன்ட் பக்கம் வேற மாதிரி இருந்திருக்குமேன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்ச்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715-க்குள் தமிழில் முழுப் புதிய ஏற்பாடும் அச்சில் வந்துவிட்டது. அதில் யாக்கோபு எழுதின நிருபம் உண்டு. அதன் 2-ஆம் அதிகாரத்தை முடிஞ்சா ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சபைக்குள் பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தல் கட்டின ஏழையை நிற்க வைப்பதைப் பற்றித்தான் அந்தப் பகுதி பேசுகிறது. அப்படிப் பட்சபாதம் காட்டுவது பாவம் என்று நேரடியாகவே சொல்கிறது. ‘எங்கே உட்காருவது’ என்பதையே பாவக் கணக்கில் சேர்த்த வேதப்பகுதி அது. அந்தப் புத்தகத்தை அச்சடித்த மிஷனின் சபைகளிலேயே உயர்சாதியாரும் பறையரும் பிரிந்துதான் உட்கார்ந்தார்கள்.

இங்க ராஜநாயக்கன் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர், தஞ்சாவூர் மன்னரின் படையில் வீரர். பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடி அச்சுப் புத்தகங்களைப் படித்து, 1720-களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்தார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். தஞ்சாவூர்ச் சீமையில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கட்டினார். நாற்பது வருஷத்துக்கும் மேலான உழைப்பு.

1733-ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். 1741-ல் இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. மிஷனரிமார் அவரை மெச்சத்தான் செய்தார்கள். விசுவாசத்தில் குறை இல்லை, உழைப்பில் குறை இல்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்த நற்கருணை மேலேயே மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்கினார்கள். பட்டம் டியோகோ என்ற வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசி வரைக்கும் உபதேசியாராகவே இருந்து 1771-ல் இறந்தார்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது வேளாளர்கள் மேல மட்டும் இல்லை. அந்த மிஷனரிமாருக்கு ஒரு வசதியான இறையியல் இருந்தது. லுத்தரன் மரபில் ஒரு வகைப்பாடு உண்டு: கடவுள் கட்டளையிடாத, ஆனால் தடுக்கவும் செய்யாத காரியங்கள். மெழுகுவத்தி ஏற்றலாமா, அங்கி போடலாமா மாதிரி விஷயங்கள். இதில் சபைக்குச் சுதந்திரம் உண்டு, பொறுமையாகப் போகலாம். சாதியையும் தூக்கி அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பொறுமை என்னவோ நல்ல குணம்தான். ஆனா அதுக்கான விலையைக் கொடுத்தது ராஜநாயக்கன்.

இதுக்கப்புறம் கதை ரொம்பச் சிக்கலாகுது. 1820-களின் தஞ்சாவூர். சுவார்ட்ஸ் ஐயர் இறந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. புதுத் தலைமுறை மிஷனரிகள் வந்திருக்கிறார்கள். சாதியை இனிப் பொறுக்க முடியாது, அது பாவம் என்கிறார்கள். கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனால் அவர்கள் சாதியோடு நிற்கவில்லை. எல்லாரும் கலந்து நற்கருணை வாங்க வேண்டும் என்பதோடு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூமாலை கூடாது, கோயிலில் தமிழ்க் கீர்த்தனையும் நம்ம ஊர் வாத்தியமும் கூடாது, பழகிப்போன பைபிள் மொழிபெயர்ப்பும் மாற வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

எதிர்த்து நின்றவர்களில் பெரிய பெயர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸின் மாணவர், மன்னர் சரபோஜியின் இளவயது நண்பர், அரசவைக் கவிஞர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாம இன்னைக்கும் தமிழ்ச் சபைகள்ல கிறிஸ்மஸ் நடக்காது. அவரும் தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்களும் இந்த நாலையும் கொடுமைகள் என்றே சொல்லி எழுதினார்கள். வேதத்தை மாற்றுவது, சாதியைக் கலப்பது, பூவைத் தடுப்பது, பாட்டைத் தடுப்பது.

நான் இதைப் பல தடவை திருப்பிப் படிச்சேன். பூ விஷயத்தில் நான் முழுக்க சாஸ்திரியார் பக்கம். மல்லிகைப்பூவில் என்ன பாவம் இருக்கு? சொந்த மொழியில, சொந்த ராகத்துல பாடுறதுல என்ன தப்பு? வெள்ளைக்காரருடைய ரசனையைக் கடவுளுடைய கட்டளை மாதிரி திணித்ததற்கு அவர் கோபப்பட்டது நியாயம். ஆனால் அதே மூச்சில், பக்கத்தில் உட்காரும் மனிதனையும் அவர் பூ மாதிரி ஒரு ‘பழக்க’ விஷயமாக்கிவிட்டார். மிஷனரி மூட்டையாகக் கட்டினார், கவிஞர் அதே மூட்டையை அப்படியே திருப்பி வீசினார். மூட்டையைப் பிரித்து, ‘இது பூ, இது மனுஷன்’ என்று தனித்தனியாக வைக்க யாரும் இல்லை.

பிஷப் ஹீபர் 1826-ல் இந்தப் பக்கம் வந்தார். சாதியைக் கொஞ்சம் மென்மையாகப் பார்த்தவர். விசாரித்து முடிவு சொல்வதற்குள், அதே வருஷம் ஏப்ரலில் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் கொஞ்ச வருஷத்தில் கல்கத்தா பிஷப்பாக வந்தவர் டானியேல் வில்சன். மென்மை என்பதே இல்லாதவர். 1833 ஜூலையில் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி வேறுபாட்டை உடனடியாக, ஒரேயடியாக விட்டுவிட வேண்டும். கோயிலில் உட்காரும் இடத்திலும் நற்கருணைக்குப் போகும் வரிசையிலும் சாதி இருக்கக் கூடாது.

அந்தக் கடிதம் வேப்பேரியில் வாசிக்கப்பட்டபோது பெருங்கூட்டம் எழுந்து வெளியே போனது. ஆமாம், நம்ம சென்னை வேப்பேரிதான், தினமும் எக்மோர் போற வழியில நாம தாண்டுற அதே வேப்பேரி. தஞ்சாவூரில் உபதேசியார்களும் பள்ளி வாத்தியார்களும் வேலையை இழந்தாலும் பரவாயில்லை என்று விலகினார்கள். ‘எங்களைச் சொல்றீங்களே, உங்க ஊர்ல பிரபுவும் வேலைக்காரனும் ஒரே மேசையில சாப்பிடுறாங்களா?’ என்ற தொனியில் பதில் வாதங்கள் எழுந்தன. அந்தக் கேள்விக்கு ஆங்கிலேயரிடம் நல்ல பதில் இல்லை என்பதும் உண்மைதான்.

விலகினவர்களில் பலருக்குப் போக்கிடம் கிடைத்தது. தரங்கம்பாடி மிஷனை 1840-களில் ஏற்றுக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷன், கார்ல் கிரவுல் தலைமையில், சாதி சமூக விஷயம், மெதுவாக மாறட்டும் என்ற பழைய நிலைக்கே போனது. இது பாவம்தான் என்று அதே மிஷனுக்குள் சண்டை போட்ட கார்ல் ஓக்ஸ் விலகி, டேனிஷ் மிஷனுக்காக மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போய்த் தனியாக வேலையைத் தொடங்கினார். மற்ற மிஷன்கள் எதிர்த் திசையில் போயின. 1850-ல் மதராஸ் மிஷனரி மாநாடு ஒரு தீர்மானம் எடுத்தது: பறையர் சமைத்ததைச் சாப்பிட்டு, சாதியை விட்டதற்கு அத்தாட்சி காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. விசுவாசத்துக்குச் சாப்பாட்டுத் தட்டில் பரீட்சை!

இந்தப் பரீட்சை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இதில் ஒடுக்கப்பட்டவர் யார்? மேல்சாதிக்காரரின் மனந்திரும்புதலுக்கு ஒரு கருவி. அவர் சமைப்பார், இவர் ஒரு வாய் சாப்பிடுவார், சான்றிதழ் கிடைக்கும். சமைத்தவரிடம் யாராவது எதையாவது கேட்டார்களா?

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் இந்தச் சண்டை கட்டடமாகவே நின்றது. திருநெல்வேலிச் சீமையில் 1872-ல் கட்டிய கோயில் அது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. ஒரு காலில் வேளாளர், ஒரு காலில் நாடார், நடுவே சுவர். இங்கே மேடையேறியது வேளாளர்–நாடார் தகராறு என்பதையும் கவனிங்க. தலித்துகளின் கேள்வி அதற்குள்ளே வரவே இல்லை. 1910-ல் திருச்சபை சுவரை இடித்தது. வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ‘எங்க சாதிக்குக் கோயிலில் தனி இடம் உரிமை’ என்பது வழக்கு. மதராஸ் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு உரிமை கிடையாது என்று தள்ளிவிட்டது. பைபிள் கையில் இருந்தும் சபை இழுத்துக்கொண்டிருந்த முடிவை, கடைசியில் ஒரு காலனி ஆட்சி நீதிமன்றம் சட்டப் புத்தகத்தை வைத்துச் சொன்னது.

அதோட முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் ஏறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரிக்கும் சுவரைப் பற்றிச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பாவம் என்றே அந்த ஆவணம் எழுதியது. 1623-க்கும் 2016-க்கும் நடுவே 393 வருஷம்.

வரன் பார்க்கிற கதைக்கு வர்றேன். இந்த ஸ்கிரிப்டை எழுதினப்புறம் அம்மாகிட்ட ராஜநாயக்கன் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் “ஐயோ, பாவம்”னாங்க. தமிழ்ல அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. அம்மா எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னு நான் கேட்கலை. அந்த ஆப்ல என் ப்ரொஃபைலை எடிட் பண்ணி, அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன். ‘உங்கள் விவரம் முழுமையடையவில்லை’ன்னு வாராவாரம் நோட்டிஃபிகேஷன் வருது.