சொல்லிசை தமிழான வரலாறு: கோலாலம்பூர்க் குழு ஒன்றின் ஒலி வளர்ச்சி

பிறநாட்டு இசை ஒன்று புதிய மக்களிடையே புகும்போது பெரும்பாலும் கருவியின் வடிவிலேயே புகும். பிடில் தமிழகத்திற்கு வந்தது அவ்வாறே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு போன்றோர் அதனைக் கையில் எடுத்தனர். நாளடைவில் அது தரையில் அமர்ந்து வாசிக்கும் கருவியாயிற்று. சுருதி கூட்டும் முறை மாறிற்று. கமகம் பேசவும் கற்றுக்கொண்டது. ஆர்மோனியம் நாடக மேடையின் வழியே ஊர்தோறும் பரவிற்று. இவ்விரண்டிலும் வந்தது கருவி. அதன்மேல் ஏறியது தமிழர் பாடிய இசை.

‘ராப்’ எனப்படும் சொல்லிசை வந்த வழி வேறு. அது கருவியாக வரவில்லை. பேசும் முறையாக வந்தது. ஆதலின் அது தமிழாகும் நாள் கருவி மாறும் நாளன்று, மொழி மாறும் நாளே எனலாம். இதற்குத் தக்க சான்று கோலாலம்பூரில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் தொடங்கி, பல மொழிகளில் உலவி, பின் தமிழில் வந்து நிலைத்த குழுவினரின் வரலாறு அது.

பிறந்த இடம்

சொல்லிசையின் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூயார்க் நகர். அதிலும் வறியோர் மிகுதியாக வாழ்ந்த பிராங்ஸ் வட்டாரம். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், ஜமைக்கா தீவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அங்கே ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு நின்று முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, இரண்டு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அந்த முழவொலியின் மேல் எதுகை இயைபுகளோடு விரைந்து பேசும் வழக்கம் வளர்ந்தது. 1979இல் ‘சுகர்ஹில் கேங்’ குழுவின் பாடல் பதிவாகி விற்பனைக்கு வந்தபின் இம்முறை உலகெங்கும் சென்றது. பாடத் தெரியாதவனும், கருவி வாங்கப் பொருளில்லாதவனும் சொல்வன்மை ஒன்றையே முதலாக வைத்து அரங்கேற இக்கலை இடங்கொடுத்தது. அது ஏழை இளைஞரை ஈர்த்ததன் காரணம் இதுவே.

நிலமும் மக்களும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் நீங்கிச் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கான செங்கல் இங்கே சுடப்பட்டது. பின்னர் இப்பகுதி இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இங்கே பெருகினர். 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவோடு இணைத்த இருப்புப்பாதை, பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே வாழ்க்கை வட்டமாக்கிற்று. கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர்.

தோட்டத்தின் ஒலி உறுமியும் தப்பும் தாலாட்டும் ஒப்பாரியும் ஆகும். நகரத் தமிழரின் ஒலியோ பெரும்பாலும் திரைப்பாடல். திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் பாடிய மெல்லிசைக் குழுக்கள் சென்னையிலிருந்து வந்த பாடல்களையே திரும்பப் பாடின. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடமாகியும் போயின. தோட்ட மக்கள் நகரின் ஓரங்களில் வந்து தங்கினர். பெற்றோர் ஊரின் ஒலி ஒருபுறம், சென்னைத் திரையின் ஒலி மறுபுறம், தொலைக்காட்சியின் ஆங்கிலம் இன்னொருபுறம் எனப் பல ஒலிகளின் நடுவே ஓர் இளந்தலைமுறை வளர்ந்தது.

முதற் கட்டம்: பல மொழிக் குரல்

1990களில் கோலாலம்பூரில் ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் குழு தோன்றிற்று. யோகி பி எனப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கம், பாயிண்ட் பிளாங்க், சி. லோகோ, லேண்ட் ஸ்லைட் ஆகிய நால்வர் அதன் உறுப்பினர். 1998இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தொகுப்பு ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. எனினும் மலாய், தமிழ், கண்டோனீயம் ஆகிய மொழிகளும் அதில் இடம்பெற்றன. கோலாலம்பூர்த் தெருவில் ஒருவன் ஒரு நாளில் கேட்கும் மொழிகள் அனைத்தும் ஒரே தொகுப்பில் ஒலித்தன.

இக்கட்டத்தில் ஒலியின் இலக்கணம் அமெரிக்கருடையது. முழவின் நடையும், சொல்லை அழுத்தி விடுக்கும் முறையும், குரலின் எடுப்பும் நியூயார்க்கை நினைவூட்டுவன. தமிழ் அதில் பல குரல்களுள் ஒன்றாக நின்றதேயன்றி, ஒலியை ஆளும் குரலாக நிற்கவில்லை. தமிழில் சொல்லிசை என்பதே அதற்கு முன் இல்லை என்றும் கூறலாகாது. 1994இல் வெளிவந்த ‘காதலன்’ திரைப்படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் ‘பேட்டை ராப்’ ஒலித்திருந்தது. ஆனால் அது திரைக்கதையின் கலகலப்புக்கு அமைந்த ஒரு பாடல். தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் குழு ஒன்று தமிழைக் கைக்கொள்வது வேறு செய்தி.

அண்டை நாட்டில் மற்றொரு வழி

அதே 1998இல் சிங்கப்பூரில் மற்றொரு முதல் தொகுப்பு வெளிவந்தது. 1992இல் தொடங்கப்பட்ட ‘ருத்ரா’ என்னும் குழுவினுடையது அது. இடியென முழங்கும் முழவு, கரகரத்த கித்தார், உறுமும் குரல் ஆகியவை கூடிய ‘டெத் மெட்டல்’ வகையைச் சார்ந்தது. இவர்களும் மேலைநாட்டு முரட்டிசையைத் தமதாக்க முயன்றவர்களே. ஆனால் அவர்கள் நாடியது வடமொழி மந்திரமும் வேதாந்தக் கருத்தும் ஆகும். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ‘பிரம்மவித்யா’ தொகுப்புகள் அம்முயற்சியின் முதிர்ச்சியைக் காட்டுவன. இவ்விசைக்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். கடன் வாங்கிய ஒலியைச் சொந்தமாக்குவது எப்படி என்னும் ஒரே வினாவுக்கு, சிங்கப்பூர்க் குழு பழைய தத்துவத்தில் விடை தேடிற்று. கோலாலம்பூர்க் குழுவினர் தெருவில் பேசும் தமிழில் தேடினர். முன்னதில் மாறியது பெரும்பாலும் பொருள். பின்னதில் மொழி மாறவே, ஒலியும் உடன் மாறிற்று.

இரண்டாம் கட்டம்: ‘வல்லவன்’

யோகி பி பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் இளைஞர்களோடு இணைந்து ‘யோகி பி & நட்சத்திரா’ என்னும் பெயரில் இயங்கினார். 2006இல் வெளிவந்த ‘வல்லவன்’ தொகுப்பில் தமிழே தலைமை மொழி; ஆங்கிலம் துணைநிற்கும் மொழி. முன்னைய நிலை தலைகீழாயிற்று.

அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது ‘மடை திறந்து’. 1980இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்திற்காக இளையராஜா இசையமைத்து எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலே அதன் அடித்தளம். அப்பாடலின் மெட்டைப் பல்லவிபோல் நிறுத்தி, இடையிடையே இளைஞர் தம் சொல்லிசையைத் தொடுத்தனர்.

இத்தேர்வு தற்செயலானது போலத் தோன்றவில்லை. அமெரிக்கச் சொல்லிசையாளர் தம் பெற்றோர் கேட்ட பழைய இசைத்தட்டுகளிலிருந்தே முழவுப் பகுதிகளை எடுத்தனர். கோலாலம்பூர்த் தமிழ் இளைஞரின் பெற்றோர் கேட்ட இசைத்தட்டு எது? இளையராஜாவின் பாடலன்றோ! ஆகவே முறை அமெரிக்கருடையது, முதல் தமிழருடையது. மேலும், ‘நிழல்கள்’ படத்தில் அப்பாடல் இசையமைப்பாளனாகும் கனவோடு அலையும் ஓர் ஏழை இளைஞனுக்கு உரியது. கடல்கடந்து வாழ்ந்த இளைஞர், கால் நூற்றாண்டுக்குப் பின் அக்கனவைத் தமதெனக் கொண்டனர். இறந்த காலத்தை எள்ளாமல், அதன் தோள்மேல் ஏறி நின்று பேசிய ஒலி இது.

யாப்பு நோக்கு

மொழி மாறியபோது ஒலி எவ்வாறு மாறிற்று என்பதைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். ஆங்கிலச் செய்யுள் அசையழுத்தத்தால் நடப்பது. அழுத்தம் பெறும் அசை முழவின் அடியோடு பொருந்த, மற்றவை நழுவிச் செல்லும். தமிழோ குறில் நெடில் என்னும் மாத்திரை வேறுபாட்டால் நடப்பது. ‘தத்த’ என்பதும் ‘தந்த’ என்பதும் ‘தான’ என்பதும் வெவ்வேறு சந்தங்கள். வல்லின ஒற்று இரட்டிக்கும் இடத்தில் குரல் ஒரு கணம் நின்று வெடிக்கிறது. அவ்வெடிப்பே ஒரு முழவடியாகிறது. ஆகவே தமிழ்ச் சொல்லிசையில் நாவே பாதி முழவாகிவிடுகிறது.

இது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது வகை என்கிறார். வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம். குற்றெழுத்துப் பயின்று வருவது குறுஞ்சீர் வண்ணம். அராகம் தொடுத்து உருண்டோடுவது உருட்டு வண்ணம். அதனினும் விரைந்து செல்வது முடுகு வண்ணம். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் சந்தத்தின் எல்லையைத் திருப்புகழில் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் ‘வண்ணத்தியல்பு’ எழுதி அதற்கு இலக்கணம் வகுத்தார். பத்துமலையில் காவடி எடுப்போர் கேட்டுவரும் காவடிச்சிந்தும் இம்மரபின் கிளையே. சொல்லிசையாளர் இந்நூல்களைக் கற்றுத்தான் பாடினர் என்பதில்லை. மொழியின் இயல்பே அவர்களை அவ்வழியில் செலுத்திற்று.

தொடையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொல்லிசை அடியிறுதி இயைபையே பெரிதும் நம்புவது. தமிழில் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும், முதலெழுத்து ஒன்றும் மோனையும் அடியின் தொடக்கத்திலேயே செவியைப் பிடித்துவிடுகின்றன. இதனால் தமிழ்ச் சொல்லிசையாளனுக்கு இரு முனையிலும் பிடிப்பு உண்டு. ஆனால் ஓர் இடரும் உண்டு. ‘வந்தேன், சென்றேன், கண்டேன்’ என விகுதிகள் தாமே ஒத்து வருவதால், தமிழில் இயைபு மிக மலிவாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் அரிதாதலின் அதற்கு மதிப்பு மிகுதி. வினைமுற்றை மட்டும் அடுக்கி இயைபு காட்டுபவன் விரைவில் சலிப்பூட்டுவான். சொல்லின் பகுதியிலேயே ஒலியொப்புமை காண்பவனே நிலைப்பான். தமிழ்ச் சொல்லிசையில் தேர்ச்சியையும் பயிற்சியின்மையையும் பிரித்தறிய இஃதொரு நல்ல அளவுகோல்.

எதிர்த்திசைப் பயணம்

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இசைத்தட்டும் திரைப்பாடலும் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தன. ‘வல்லவன்’ தொகுப்புக்குப் பின் அந்த ஓட்டத்தில் ஓர் எதிரோட்டம் தோன்றிற்று. 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த ‘எங்கேயும் எப்போதும்’ பாடல், 2007இல் ‘பொல்லாதவன்’ படத்திற்காகப் புதுப்பிக்கப்பட்டபோது அதில் யோகி பியின் குரல் சேர்ந்தது. பாட்டுக்குழு ஒன்று சிங்கப்பூர் செல்லும் கதையில் பிறந்த பாடல் அது. இப்போது மலேசியக் குரல் ஒன்று அதனைத் தேடிச் சென்னைக்குச் சென்றது. 2011இல் மதுரையைக் களமாகக் கொண்ட ‘ஆடுகளம்’ படத்திலும், 2017இல் ‘விவேகம்’ படத்திலும் அவர் குரல் ஒலித்தது. தமிழகத்தில் ‘ஹிப்ஹாப் தமிழா’ போன்றோர் புகழ்பெற்றது ‘வல்லவன்’ வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே.

2021இல் தீயும் அறிவும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் பரவிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவை அறிவு அதில் வைத்தார். கோலாலம்பூர் இளைஞர் நகரத் தெருவிலிருந்து தொடங்கிய கலை, தோட்டத்து ஒப்பாரியின் ஒலியையும் தன்னுள் ஏற்கும் அளவுக்கு வளர்ந்தது.

குறைகூறலும் விடையும்

இவ்விசையின் மேல் குறை கூறுவோர் உளர். ஆங்கிலக் கலப்பு மிகுதி, கொச்சை மிகுதி, பழம்பாடலைச் சார்ந்து நிற்கிறது என்பன அவர்கள் கூறுவன. இவற்றுள் உண்மை இல்லாமலில்லை. மொழிக்கலப்பு எல்லை மீறினால் சொல்லின் ஆற்றல் குறையும். சொந்த மெட்டு எழாவிடில் கடன் கடனாகவே நிற்கும்.

எனினும் மலேசியச் சூழலை மறத்தலாகாது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; ஆனால் அவை ஆறாண்டுத் தொடக்கக் கல்வியோடு நிற்கின்றன. இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி மலாய். தமிழ் அங்கே ஒரு பாடமே, அதுவும் எல்லா மாணவருக்கும் கிடைப்பதில்லை. ஆக, 12 வயதுக்குப் பின் பெரும்பாலான இளைஞரிடம் தமிழ் நிற்பது வீடு, கோயில், திரைப்படம், பாட்டு ஆகியவற்றால். அந்த வயதில்தான் சொல்லிசை அவர்களை அடைகிறது. ஆங்கிலத்தில் அரங்கேறிப் புகழ் பெற்ற ஒருவர், விரும்பித் தமிழுக்கு வந்து மேலும் புகழ் பெற்றதை அவர்கள் கண்டனர். தமிழ் பின்தங்கியவர் மொழி என்னும் தாழ்வெண்ணத்திற்கு இதனினும் நேரான மறுப்பு அரிது.

இவ்வரலாறு காட்டும் உண்மை எளியது. இளைஞர் தமிழைக் காக்க வேண்டும் என்று சொல்லிசைக்கு வந்தவரல்லர். நல்ல ஒலியைத் தேடி வந்தவர்கள், தமிழில் அது இருப்பதைக் கண்டு தங்கினர். அந்த ஒலியின் இலக்கணம் தமிழாசிரியர் கையில் இருக்கிறது. முடுகு வண்ணத்தையும் அராகத்தையும் நடத்தும் வகுப்பில், மாணவன் முன்பே அறிந்த சொல்லிசை ஒன்றை எடுத்துக்காட்டாக வைப்பின், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய நூற்பா அவனுக்குத் தன் காதில் ஒலிப்பதன் விளக்கமாகவே தோன்றும்.