கறுப்படித்த சதுரம்

சொந்தக்காரர்கள் மத்தியில் என் மாமனாருக்கு 'ஆட்டக்காரர்' என்றே பெயர். உட்கார்ந்தால் தோள் குலுங்கும். நடந்தால், செருப்பில் முள் ஏறியவர் மாதிரி கால் துள்ளும். குடிகாரர் என்று ஆடுகோடித் தெரு முடிவு கட்டியது. மனுஷன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார். பெங்களூர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நடக்கிற தூரம்தான். ஆனால் அந்த வாசலில் யாராவது பார்த்துவிட்டால் நாத்தனாருக்கு வரன் வராது என்று பயம்.

அந்தப் பயம் பழையது. 1847-ல் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற டாக்டர் பெங்களூரில் தொடங்கிய பைத்தியக்கார விடுதிதான் நிம்ஹான்ஸுக்கு மூலம். 1925-ல் மனநல மருத்துவமனை என்று பேர் மாற்றினார்கள். 1930-களில் ஓசூர் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் அன்றைக்கு ஊரின் ஓரம். 1954-ல் பக்கத்திலேயே அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, 1974-ல் இரண்டும் சேர்ந்து நிம்ஹான்ஸ். எத்தனை பேர் மாறினாலும் எங்கள் தெருவுக்கு அது 'மென்டல் ஆஸ்பத்திரி'தான்.

அந்தக் காலத்து விடுதியில் ஆளை ஒப்படைத்தால் குடும்பத்தின் வேலை முடிந்தது. அதை மாற்றியவர்களில் ஒருவர் அமிர்தசரஸ் டாக்டர் வித்யா சாகர். 1950-களில் கூடாரம் போட்டு, நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் அதே வழக்கம். பிறகு நிம்ஹான்ஸிலும் குடும்ப வார்டு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்தெட்டு வயதில் அதே ஆட்டம் தொடங்கியது. முதலில் போன கிளினிக்கில், "குடியை நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றார்கள். மாமனாருக்குச் சொன்ன அதே சொல்! கடைசியில் பாய், ஃபிளாஸ்க், பக்கெட்டோடு நானும் ஓசூர் ரோட்டு வாசலுக்குள் நுழைந்தேன்.

இளம் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். "உங்க மாமனார் எப்படி நடப்பாரும்மா?" சொன்னேன். அவர் சதுரத்தைக் கறுப்படித்தார். வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத பெரிய மாமனாருக்கு ஒரு கேள்விக்குறி. சாமி வந்தது என்று கும்பிட்ட கொள்ளுப்பாட்டியின் வட்டமும் கறுப்பானது. நாலு தலைமுறையாக நாங்கள் வேறு வேறு பேர் வைத்ததற்கு அவர் ஒரே பேர் சொன்னார்: ஹண்டிங்டன்.

ஜார்ஜ் ஹண்டிங்டன் அமெரிக்காவில் லாங் ஐலண்டுக்காரர். சிறுவனாக அப்பாவின் வண்டியில் போகும்போது, உடம்பு முறுக்கி ஆடும் ஒரு தாயையும் மகளையும் சாலையில் பார்த்திருக்கிறார். 1872-ல், 22 வயதில், அதைப் பற்றி எழுதினார். அவருடைய அப்பா, தாத்தா இருவரும் அதே ஊரில் வைத்தியர்கள். மூன்று தலைமுறைக் குறிப்பு கையில் இருந்ததால்தான் பரம்பரை பிடிபட்டது. ஜீன் 1993-ல் கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால் நோய் நிச்சயம். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியில் அந்த வரிசை நீளலாம். நீண்டால் இன்னும் சீக்கிரம் தொடங்கும்.

குணமாக்க மருந்து இல்லை, ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருக்கிறேன். தண்ணீர் புரையேறும்; ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, மோவாயைத் தாழ்த்தி ஊட்டுவேன். இளைத்துக்கொண்டே போகிறார், அதனால் நெய் தாராளம். கோபம் வந்தால் தட்டு பறக்கும். அது அவரா, நோயா என்று ராத்திரியில் யோசித்த காலம் உண்டு. இப்போது எவர்சில்வர் தட்டு மட்டும் வைக்கிறேன்.

எங்கள் மகளின் வட்டத்தை டாக்டரம்மா வெள்ளையாக விட்டார். பரிசோதனை வேண்டுமா என்பதைப் பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும் என்றார். இப்போது அவளுக்கு 22. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவது அவள்தான். தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்து, ஆட்டம் ஒரு நொடி ஓயும்வரை ரேசரைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பாள்.