மொன்செராட்: எந்த நிலத்தால் வகுப்பது?

பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான மொன்செராட்டை இரண்டு எண்களால் அறிமுகம் செய்வது வழக்கம். பரப்பு 102 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 4,922 பேர். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 48 பேர். 1991இல் ஏறத்தாழ 10,600 பேர் வாழ்ந்தபோது இந்த அடர்த்தி 104. தீவு பாதி காலியாகிவிட்டது, எஞ்சியவர்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்றே இதைப் படிப்பவர் எண்ணுவார். அந்த எண்ணம் பிழையானது என்பதே என் வாதம்.

பிழை நிலவமைப்பிலிருந்து தொடங்குகிறது. மூன்று எரிமலைத் தொகுதிகள் சேர்ந்து உருவானது இத்தீவு. வடக்கே சில்வர் குன்றுகள், நடுவே சென்டர் குன்றுகள், தெற்கே சூஃப்ரியேர் குன்றுகள். வடக்கு மிகப் பழையது. அரிப்பால் தாழ்ந்து வறண்டு கிடப்பது. வளமான மண் இளைய தெற்கில்தான். காற்றுக்கு மறைவான தென்மேற்குக் கரையில் தலைநகர் பிளிமத்தும் துறைமுகமும் அமைந்தன. ஐரிஷ் குடியேறிகளும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் தோட்டங்களில் உழைத்த காலத்திலிருந்தே மக்கள் அந்தப் பக்கம் குவிந்தார்கள். மண்ணுக்கு வளம் தந்த மலையின் அடியிலேயே ஊர் வளர்ந்தது.

1995 ஜூலை 18 அன்று அந்த மலை விழித்தது. 1996 ஏப்ரலில் பிளிமத் முற்றிலும் காலி செய்யப்பட்டது. மக்கள் வடக்கே தேவாலயங்களிலும் பள்ளிக் கட்டடங்களிலும் தங்கினார்கள். ஆனால் விளைநிலம் அவர்களோடு வடக்கே வரவில்லை. 1997 ஜூன் 25 அன்று பாய்ந்திறங்கிய அனல் சாம்பல் வெள்ளம் 19 உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் சிலர் தடைசெய்யப்பட்ட பகுதியில் தம் பயிரைப் பார்க்கப் போனவர்கள். எச்சரிக்கையை மதியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட்டு நகர்வது அநீதி. பிழைப்பு அங்கே இருந்தது, அதனால் போனார்கள். அன்றே விமான நிலையமும் மூடப்பட்டது. புதியது 2005இல்தான் வடக்கே திறந்தது. இதற்கிடையே மக்களில் மூன்றில் இரு பங்கினர் பிரிட்டனுக்கும் ஆன்டிகுவாவுக்கும் பிற தீவுகளுக்கும் போய்விட்டார்கள்.

இனி வகுத்தலுக்கு வருவோம். தடைப்பகுதி தீவின் பாதிக்கும் மேல். சரிபாதி என்றே தாராளமாகக் கொண்டாலும் 2011இன் அடர்த்தி 96 ஆகிறது. எரிமலைக்கு முந்தைய நிலையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. சென்டர் குன்றுகளின் செங்குத்தான காட்டையும் கழித்தால் நெருக்கம் இன்னும் கூடும். 1991இலும் மலையுச்சியில் யாரும் குடியிருக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று குடியிருப்பைச் சுற்றி உழவுநிலமும் துறைமுகமும் இருந்தன. இன்று வீடு, வயல், அலுவலகம், விமான ஓடுதளம் எல்லாமே முன்பு யாரும் அவ்வளவாக விரும்பாத வடக்கில் இடம் தேட வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையும் பழைய குடிகளின் எண்ணிக்கை அல்ல. மறுகட்டுமான வேலைக்காக கயானா, ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு ஆகியவற்றிலிருந்து வந்தவர்களும் அந்த 4,922இல் அடக்கம். ஆகவே இதைத் திரும்பி வந்தோரின் கணக்காகப் படிப்பதும் சரியன்று.

மொன்செராட்டின் வீட்டுத் தேவையையோ உணவுத் தேவையையோ மதிப்பிடுவோர் 102ஆல் வகுப்பதை நிறுத்த வேண்டும். சட்டப்படி தலைநகரம் இன்றும் பிளிமத்தான். அங்கே ஒருவரும் வசிப்பதில்லை.