மூணு தடவ போனேன்

நீடாமங்கலம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1937 டிசம்பர் 28. காங்கிரஸ் மாநாட்டுச் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காக நம்ம சனங்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். மொட்டையடித்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். அடிபட்டவர்கள் சொன்னதை ‘விடுதலை’யும் ‘குடி அரசு’ம் வெளியிட்டன. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உடனே மறுப்பும் வந்தது. (ஆ. திருநீலகண்டன் 2017இல் இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.) அடி ஒன்று, அடிபட்டவன் சொல் செல்லாது என்பது அதற்கு மேல் இன்னொன்று.

அரசு ஆஸ்பத்திரியின் தரம், நோயாளி பாதுகாப்பு என்று எழுதவந்த இடத்தில் இதை ஏன் இழுக்கிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். உடம்பை அடுத்தவர் கையில் ஒப்படைக்கிற இடம் ஆஸ்பத்திரி. அங்கே நம்ம வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை வைத்துத்தான் நான் பாதுகாப்பைப் பார்க்கிறேன்.

1992இல் என் அத்தைக்கு மூன்றாவது பிரசவம். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில், “துணி நனைஞ்சுகிட்டே இருக்கு சிஸ்டரம்மா” என்று அப்பாயி போய்ச் சொல்லியிருக்கிறது. “எல்லாருக்கும் அப்படித்தான் போவும், போய் ஒக்காரு கெழவி.” மறுபடியும் போனது. மூன்றாவது தடவையும் போனது. நாலாவதாக ஓடியபோது அத்தைக்குப் பேச்சில்லை. கேஸ் சீட்டில் நேரம், மருந்து, கையெழுத்து எல்லாம் இருந்தன. அப்பாயி சொன்னது ஒரு வரி கிடையாது. அதற்கப்புறமும் வீட்டுக்கு வந்து யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் தாய் மரணங்களைப் பதிவுசெய்து ஆராயும் முறை 1994இல் தொடங்கியது. 2004க்குப் பிறகு கறாராக நடக்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு நின்றுவிடாமல் செத்தவளின் வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள் என்பது. எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, வண்டி கிடைச்சுதா, போனதும் யார் பார்த்தா, ரத்தம் எப்ப ஏத்தினாங்க? சேரிக்குள் வந்து, கிழவி சொல்வதை அரசாங்கம் எழுதிக்கொள்கிறது. யாரையும் தண்டிப்பதற்கல்ல, எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 என்று 2001-03இல் இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆனது. இந்த விசாரணை மட்டுமே காரணமில்லை. ராத்திரியும் நர்ஸ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், ரத்த வங்கி, 2008இல் வந்த 108 வண்டி எல்லாம் சேர்ந்துதான். அந்த 54இல் நம்ம பொண்ணுங்க எத்தனை பேர்? மாதிரிப் பதிவு அறிக்கையில் சாதிவாரிக் கணக்கு இல்லை.

சொல்கிறவரால்தான் தவறு வெளியே வருகிறது என்பதற்குச் சாத்தூரே போதும். 2018 டிசம்பர் 3 அன்று அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். எந்தப் பரிசோதனைப் பதிவேடும் அதைத் தடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காகத் தனியாகச் சோதனை செய்துகொண்ட கொடையாளரே வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. அந்த இளைஞர் அந்த மாதமே தற்கொலை முயற்சிக்குப் பின் இறந்துபோனார்.

2013 முதல் அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தரச் சான்று உண்டு. 70 சதவீத மதிப்பெண் வேண்டும். மதிப்பிட நாலு வழி: நேரில் பார்ப்பது, பதிவேட்டைப் புரட்டுவது, ஊழியரைக் கேட்பது, நோயாளியைக் கேட்பது. பதிவேட்டைச் சுலபமாகத் திருத்தி வைத்துவிடலாம். ஊழியர் என்றால் டாக்டரும் நர்சும் மட்டுமா? ரத்தத்துணி அள்ளுகிற, வார்டு கழுவுகிற, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு எல்லாம் தெரியும். அநேகமாக நம்ம ஆள்தான். கையுறை கொடுக்கல என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா?

அப்பாயி 2011இல் இறந்தது. யார் என்ன விசாரிக்க வந்தாலும், ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தவரிடம்கூட, விரலை மடக்கிக் காட்டும்: “மூணு தடவ போயிச் சொன்னேன் தம்பி. எழுதிக்க.”