ஈறழற்சித் தடுப்பு ஆய்வுகள்

ஈறழற்சித் தடுப்பு ஆய்வுகள் என்பவை, பல்லின் மேற்பரப்பில் ஒட்டி வளரும் பற்படலத்தைக் குறைக்கவும், அதனால் ஈறு சிவந்து வீங்கிக் குருதி கசியும் ஈறழற்சியைத் தணிக்கவும் கையாளப்படும் மருந்துகள், பற்பசைகள், கருவிகள், துலக்கும் முறைகள் ஆகியவற்றின் பயனை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்து அளக்கும் மருத்துவ ஆய்வுகளாகும். பற்படலம் உணவுத் துணுக்கு அன்று. உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய ஏடாகப் படிய, அதில் பாக்டீரியாக்கள் குடியேறித் தாமே சுரக்கும் பசையில் பொதிந்து வாழும் கூட்டமே பற்படலம் ஆதலால், வெறும் நீரால் கொப்பளிப்பதனால் அது அகலுவதில்லை. அது சுண்ணமேறி இறுகினால் பற்காரை எனப்படும். ஈறழற்சி ஈறளவில் நிற்கும்வரை முற்றிலும் மீளக்கூடிய நிலையாகும். பல்லைத் தாங்கும் நார்களும் எலும்பும் அழியத் தொடங்கியபின் அது பற்சூழ்திசு அழற்சி எனப் பெயர் பெறுகிறது, அந்நிலையில் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

பற்படலத்தில் உயிரிகள் இருப்பதை முதலில் கண்டவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆன்டனி வான் லேவன்ஹூக் ஆவார். அவர் 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய மடலில், தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் பொருளில் நீந்தித் திரியும் நுண்ணுயிர்களை விவரித்ததோடு, காடியால் வாய் கொப்பளித்த பிறகும் அவை உயிரோடிருந்ததைக் கண்டு, காடி அப்பொருளின் வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்ற முடிவுக்கும் வந்தார். வாய்க்கொப்பளிப்பு நீரைப் பற்படலத்தின் மீது சோதித்த முதல் ஆய்வாக இதையே கொள்ளலாம். இன்றும் எந்தக் கொப்பளிப்பு நீரும் எதிர்கொள்ளும் தடை அதுவே. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர் 1890இல் வாயின் நுண்ணுயிரிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஈறு நோயின் காரணம் காரையா, உணவுக் குறைவா, உடல்வாகா, கடிக்கும் விசையா என்ற வழக்கு ஓயவில்லை. சிகிச்சைகளை ஒப்பிடுவதற்குப் பொது அளவுகோல் ஒன்று இல்லாததே இவ்வழக்கு நீண்டதற்குப் பெருங்காரணமாகும்.

அளவுகோலை ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் வகுத்தனர். கருவுற்ற பெண்களின் ஈறு நிலையை ஆராய்ந்த ஹரால்ட் லோவும் ஜான் சில்னஸும் 1963இல் ஈறுக் குறியீட்டையும், 1964இல் பற்படலக் குறியீட்டையும் வெளியிட்டனர். ஈறுக் குறியீட்டில் நலமான ஈறுக்குச் சுழியம்; நிறம் சற்றே மாறி லேசாக வீங்கியும் குருதி கசியாத ஈறுக்கு 1; ஆய்வுக்கோலால் தொட்டதும் குருதி கசிந்தால் 2; தொடாமலே கசியும் நிலைக்கு 3 என எண் இடப்பட்டு, பல்லின் பக்கங்கள்தோறும் பெற்ற எண்களின் சராசரி ஒருவருடைய குறியீடாகக் கொள்ளப்படுகிறது. பற்படலக் குறியீடும் அவ்வாறே, கண்ணுக்குத் தெரியாமல் ஆய்வுக்கோலால் சுரண்டினால் மட்டும் தெரியும் படலத்தை 1 என்றும், கண்ணுக்கே தெரிவதை 2 என்றும், ஈறோரம் முழுதும் தடித்து மண்டியிருப்பதை 3 என்றும் பிரித்தது. அமெரிக்காவில் குவிக்லியும் ஹைனும் 1962இல் அமைத்து, டுரெஸ்கி குழுவினர் 1970இல் திருத்திய மற்றொரு குறியீடு, படலத்தைச் சாயமேற்றி அது பல்லில் எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்று 0 முதல் 5 வரை எண்ணுவதாகும். முன்னது படலத்தின் தடிப்பையும் பின்னது பரப்பையும் அளப்பதால், ஒரே பற்பசை ஓர் ஆய்வில் பெரும்பயனும் மற்றோர் ஆய்வில் சிறுபயனும் தருவதாகத் தோன்றக்கூடும் என்பதை முடிவுகளைப் படிப்போர் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இத்துறையின் அடித்தளம் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர அரச பல் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1965இல் வெளியான ஆய்வாகும். லோ, எல்சே தைலாதே, பர்க்லும் யென்சன் ஆகிய மூவரும், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களான 12 பேரைப் பல் துலக்குவதை அறவே நிறுத்தச் செய்து, ஈறையும் படலத்தையும் தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழ 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்குமே ஈறழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிற்று. படலத்தின் பாக்டீரியாக்களும் வரிசையாக மாறின: முதலில் கோள வடிவ உயிரிகள், பிறகு இழை வடிவின, இறுதியில் சுருளுயிரிகள் எனக் கூட்டம் சிக்கலாகியது. நோயை உண்டாக்கி, நீக்கி, காரணத்தை நிறுவிய இவ்வாய்வு காரண வழக்கை முடித்துவைத்தது. அதனினும் பெரிய விளைவு, விலங்குகளின்றி, மூன்று வாரங்களில், சிலரைக் கொண்டே எந்தச் சிகிச்சையையும் சோதிக்கும் வழி கிடைத்ததாகும். அதே முறையைப் பின்பற்றிய லாங், கம்மிங், லோ ஆகியோர் 1973இல், பற்களை 12 மணி நேரத்துக்கோ 48 மணி நேரத்துக்கோ ஒருமுறை முழுமையாகத் துலக்கியோருக்கு ஈறழற்சி வரவில்லை என்றும், 72 மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டோருக்கு வந்தது என்றும் காட்டினர். எத்தனை முறை துலக்குவது என்பதைவிட எவ்வளவு செம்மையாகத் துலக்குவது என்பதே ஈறைக் காக்கிறது என்பது இதன் பொருள்.

இம்முறையால் முதலில் புகழ்பெற்ற மருந்து குளோரெக்சிடின் ஆகும். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1950களில் தோலுக்கும் காயத்துக்குமான கிருமிநாசினியாக வெளியிட்ட இதனை, லோவும் ஷியோட்டும் 0.2 விழுக்காட்டுக் கரைசலாக, 10 மி.லி. அளவில், நாளுக்கு இருமுறை ஒரு நிமிடம் கொப்பளிக்கச் செய்ய, துலக்காத வாயிலும் படலம் ஏறக்குறைய படியவே இல்லை என்று 1970இல் அறிவித்தனர். நேர்மின்னேற்றமுள்ள இம்மருந்து பல்லிலும் வாயின் உட்தோலிலும் பற்றிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளிப்படுவதே மற்றைய கிருமிநாசினிகளைவிட அது சிறந்ததற்குக் காரணமாகும். பற்பசையின் நுரைப்பொருள் எதிர்மின்னேற்றமுடையதாகையால் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்று கருதி, துலக்குவதற்கும் கொப்பளிப்பதற்கும் இடையே அரைமணி நேரமேனும் விடும்படி பல் மருத்துவர்கள் கூறுவர். பற்கள் பழுப்பேறுதல், சுவை மாறுதல், காரை கூடுதல் ஆகியவை இதன் குறைகள். அமெரிக்க அரசு 1986இல் 0.12 விழுக்காட்டுக் கரைசலை மருத்துவர் சீட்டின் பேரில் விற்க இசைந்தது. 51 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு படலம் பெரிதும் குறைவதை உறுதிசெய்தாலும், லேசான ஈறழற்சியுடையோரிடம் 0 முதல் 3 வரையிலான ஈறுக் குறியீட்டில் 0.21 அளவே குறைவு காணப்பட்டது.

குறுகிய கால ஆய்வுகளுக்கு மாறாக, சிகிச்சையே இல்லாதபோது நிகழ்வதை அறிய லோ குழுவினர் 1970இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தமிழ்த் தொழிலாளரைத் தேர்ந்து 1985 வரை பலமுறை பரிசோதித்தனர். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத, வாய் முழுதும் படலமும் காரையும் மண்டிய இவர்களுள் 8 விழுக்காட்டினருக்குப் பற்சூழ்திசு விரைந்து அழிந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக அழிந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சிக்கு மேல் நோய் முற்றவே இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த ஆஸ்லோ நகரப் படித்த வகுப்பினர் இளமை முதலே பல் மருத்துவரைக் கண்டவர்கள். ஈறழற்சி எல்லோரிடமும் எலும்பழிவாக முற்றுவதில்லை என்னும் உலகறிந்த உண்மை, தோட்ட மக்களின் வசதியின்மையிலிருந்தே பெறப்பட்டது. அவர்களுள் 75 பேர் 2010இல் மறுபடியும் பரிசோதிக்கப்பட்டனர்.

விளம்பரக் கூற்றுகள் பெருகியதால் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1986இல் நெறிமுறை வகுத்து, குறைந்தது ஆறு மாதம் நீளும், தனித்தனியான இரண்டு ஆய்வுகளைக் கோரியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் போலிக் கொப்பளிப்பு நீர் பெற்றோரின் ஈறும் ஓரளவு தேறுவது இவ்வாய்வுகளில் வழக்கம். கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்தவர் கூடுதல் அக்கறையுடன் துலக்குவதே காரணம். தைமால், யூக்கலிப்டால் முதலிய மணநெய்கள் கலந்த லிஸ்டரின் கொப்பளிப்பு நீர் 1987இல் சங்கத்தின் ஏற்பு முத்திரையைப் பெற்றது. டிரைக்ளோசான் கலந்த பற்பசை படலத்தையும் ஈறழற்சியையும் 22 விழுக்காடு குறைப்பதாக 2013 மதிப்பாய்வு கூறிற்று. எனினும் அப்பற்பசையின் உற்பத்தியாளரே 2019இல் டிரைக்ளோசானைக் கைவிட்டார். மின் பல்துலக்கி மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயன்பாட்டில் சாதாரணத் துலக்கியைவிடப் படலத்தை 21 விழுக்காடும் ஈறழற்சியை 11 விழுக்காடும் குறைப்பதாக 56 ஆய்வுகளின் தொகுப்பு 2014இல் காட்டியது. பல்லிடுக்கு நூலுக்கான சான்று மெலிந்தது. இடுக்குத் துலக்கி அதைவிட மேலானதாக இருக்கக்கூடும்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை குளோரெக்சிடினோடு ஒப்பிட்டுத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இரு குழுவிலும் படலமும் ஈறழற்சியும் குறைந்தன. ஆயின் பங்கேற்றோர் 20 சிறுவர், காலம் 10 நாள். அளக்கும் முறையும் மாறிவருகிறது. ஆய்வுக்கோல் படும்போது குருதி கசியும் இடங்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அது நலமான ஈறு என 2018இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு வரையறுத்ததிலிருந்து, புதிய ஆய்வுகள் பழைய சராசரிகளோடு இவ்வெல்லையையும் கணக்கில் கொள்ளத் தொடங்கியுள்ளன.